தட்டை இழுப்பது அதன் ஓரம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் ஒரு ஜி.பி.எஸ். நிலையம் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளை வைத்து, தான் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மில்லிமீட்டர் துல்லியத்தில் பதிவு செய்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பல ஆண்டுப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தால், அந்த நிலையம் ஆண்டுக்கு 5 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வடகிழக்கு நோக்கி நகர்ந்துவருவது தெரிகிறது. ஹைதராபாத் நிலையமும் ஏறத்தாழ அதே வேகத்தில் அதே திசையில் போகிறது. தீபகற்பம் முழுவதும், அதைச் சூழ்ந்த கடலடித் தளத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒரே பலகையாக நகர்கிறது. இதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. எது நகர்த்துகிறது என்று கேட்டால்தான், பள்ளிப் பாடநூலில் பார்த்த ஒரு படம் பலருக்கும் நினைவுக்கு வரும்: அடியில் அனல், நடுவே வட்டமாகச் சுழலும் அம்புக்குறிகள், அந்த ஓட்டத்தின்மேல் மிதந்து செல்லும் தட்டுகள். இந்தப் படம் பாதி சரி. இயக்கத்துக்கான ஆற்றல் பூமியின் உள்வெப்பத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் எதை எது நகர்த்துகிறது என்ற இடத்தில் அது நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. கடலடியில் குளிர்ந்து கனத்துப்போன தட்டின் ஓரம் பூமிக்குள் மூழ்குகிறது. மூழ்கும் அந்தப் பகுதியின் எடை, பின்னால் இருக்கும் மொத்தத் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகள் இந்த முடிவுக்குத்தான் நம்மைக் கொண்டுவருகின்றன.

விசையைப் பற்றிய கேள்வியை அலட்சியமாக விட்டுவிட முடியாது. இந்தத் துறையே ஒருமுறை அந்தக் கேள்வியில்தான் தடுக்கி விழுந்தது. ஆல்ஃபிரட் வெகனர் 1912 ஜனவரியில் கண்டங்கள் நகர்கின்றன என்று பிராங்க்ஃபர்ட்டில் அறிவித்தபோது அவர் கையில் வலுவான சான்றுகள் இருந்தன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் வெட்டி எடுத்ததுபோலப் பொருந்தின. கிளாசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தன. இன்று வெயில் கொளுத்தும் நிலங்களில் பனிப்பாறைகள் உரசிய தழும்புகள் இருந்தன. ஆனால் கண்டங்களை நகர்த்துவது எது என்ற கேள்விக்கு, பூமியின் சுழற்சியால் துருவத்திலிருந்து விலக்கும் விசை என்றும், நிலவும் சூரியனும் இழுக்கும் அலைவிசை என்றும் அவர் சொன்ன விடைகள் எடுபடவில்லை. இங்கிலாந்தின் ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த விசைகள் பல லட்சம் மடங்கு பலவீனமானவை. கண்டங்களை இழுக்கும் அளவுக்கு அலைவிசைக்கு வலு இருந்திருந்தால் பூமியின் சுழற்சியே வெகு சீக்கிரம் நின்றுபோயிருக்கும். ஜெஃப்ரீஸின் கணக்கில் பிழையில்லை. ஒரு விசை போதாது என்பதால் நகர்வே இல்லை என்று முடித்ததுதான் பிழை. வெகனர் 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். அவருடைய சான்றுகள் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரமாகவே கிடந்தன.

ஜெஃப்ரீஸின் ஆட்சேபத்தில் இன்னொரு கூறும் இருந்தது. இன்றும் முதன்முறை கேட்பவர்கள் அதைத்தான் எழுப்புகிறார்கள்: மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசம் திடப் பாறை, திடப் பாறைக்குள் எப்படி ஒன்று மூழ்கும்? கவசம் திடம்தான். உருகிய குழம்புக்கடலில் தட்டுகள் மிதக்கின்றன என்ற பரவலான எண்ணம் தவறு. நிலநடுக்கத்தில் கிளம்பும் குறுக்கலைகள் திரவத்தின் வழியே செல்லாது. அவை 2,900 கி.மீ. ஆழம்வரை கவசத்தை ஊடுருவிச் செல்கின்றன. ஆனால் ஒரு பொருள் திடமா, ஓடக்கூடியதா என்பது எவ்வளவு நேரம் அதன்மேல் விசை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கான நேரடிச் சான்றை ஸ்வீடன், பின்லாந்துக் கரைகளில் பார்க்கலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே 3 கி.மீ. தடிமனில் பனி படிந்திருந்தது. அந்தப் பாரம் நிலத்தை அழுத்த, கீழே கவசப் பாறை பக்கவாட்டில் விலகியது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் விலகிய பாறை திரும்பி வந்துகொண்டிருக்கிறது; போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் தரை ஆண்டுக்கு 9 மி.மீ. அளவுக்கு உயர்கிறது. ஆண்டர்ஸ் செல்சியஸ், அதாவது வெப்பநிலை அளவுகோலுக்குப் பெயர் தந்த அதே செல்சியஸ், 1731இல் யாவ்லே நகருக்கு அருகே ஒரு கரைப்பாறையில் அன்றைய கடல்மட்டத்தைக் கோடாக வெட்டிவைத்தார். கடல் வற்றிவருகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் பாறை எழும்பிவந்தது. அந்தக் கோடு இன்று தண்ணீரைவிட்டு வெகு மேலே நிற்கிறது. ஸ்வீடனின் உயர்கரைப் பகுதியில் பழைய கடற்கரை ஒன்று இப்போது 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தகைய உயர்வுகளிலிருந்து 1935இல் நார்மன் ஹாஸ்கெல் கவசத்தின் பாகுநிலையைக் கணக்கிட்டார். தண்ணீரைப்போல, ஒன்றுக்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்ட மடங்கு பிசுபிசுப்பு. நொடிக்கணக்கில் ஓடும் அலைக்கு அது எஃகு. லட்சக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும் பாரத்துக்கு அது வழிவிடும் பாகு.

பாறை வழிவிடும் என்றால் கனமானது மூழ்கும். கனமானது எங்கிருந்து வருகிறது என்பதைக் கடலடித் தளத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்த்தால் புரியும். 1950களில் மேரி தார்ப் ஆழ அளவீடுகளிலிருந்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தபோது, நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். 1963இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் இத்தகைய நடுக்கடல் முகடுகளின் இருபுறமும் காந்தப் பட்டைகள் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருப்பதற்கு விளக்கம் தந்தார்கள்: தளம் முகட்டில் பிறந்து இருபக்கமும் விலகிச் செல்கிறது. பிறக்கும்போது அது சூடு. சூட்டால் விரிந்து, கடல்மட்டத்திலிருந்து 2.5 கி.மீ. ஆழத்தில்தான் நிற்கும். விலக விலகக் குளிர்கிறது, சுருங்குகிறது, தாழ்கிறது. பத்து கோடி ஆண்டு வயதான தளம் 5.5 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும். மேலே 7 கி.மீ. தடிமனுள்ள எரிமலைப் பாறை. அதன் அடியில், குளிர்ந்து இறுகிய கவசப் பாறை ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போய் 100 கி.மீ. தொடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் தட்டு. முதிர்ந்த கடலடித் தட்டின் சராசரி அடர்த்தி, தனக்குக் கீழே இருக்கும் சூடான கவசத்தைவிடச் சிறிது கூடிவிடுகிறது. சதவீதத்தில் பார்த்தால் அற்ப வித்தியாசம், 100 கி.மீ. தடிமனும் பல ஆயிரம் கி.மீ. நீளமும் கொண்ட பலகையில் அது பெரும் பாரம். மூழ்கும் இடத்திலுள்ள ஆழ்கடல் அகழியில் வளைந்து உள்ளே இறங்கியதும் இன்னொன்று நடக்கிறது. அழுத்தம் ஏற ஏற, எரிமலைப் பாறையின் கனிமங்கள் மாறி எக்ளோகைட் என்ற, கவசத்தைவிடவும் கனமான பாறையாகின்றன. அதற்குப் பிறகு திரும்பி வர வழியே இல்லை. கொடியில் ஈரப்புடவையைப் போடும்போது ஒரு பக்கம் நீளமாகத் தொங்கிவிட்டால், மறுபக்கமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் அல்லவா, அதுதான் இங்கே நடப்பது. கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறைகள் கிடைக்கும்போது, பெருங்கடல்களின் தளத்தில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதற்கும் காரணம் இதுவே. கிழடான தளம் எல்லாம் மூழ்கிப்போயிற்று.

இது பொருத்தமான கதையாக இருக்கலாம். உண்மைதானா என்று சோதிப்பது எப்படி? தட்டுகளுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற எளிய யோசனை டொனால்ட் ஃபோர்சைத்துக்கும் சேயா உயேதாவுக்கும் வந்தது. 1975இல் அவர்கள் பன்னிரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வேகத்தையும் மற்ற பண்புகளோடு பொருத்திப் பார்த்தார்கள். கீழே ஓடும் ஓட்டம்தான் தட்டைச் சுமந்து செல்கிறது என்றால், பரப்பு பெரிதாக இருக்கும் தட்டின்மேல் பிடிமானம் வேறாக இருக்க வேண்டும். பரப்புக்கும் வேகத்துக்கும் தொடர்பே காணோம். முகடு தள்ளுவதுதான் காரணம் என்றால், நீண்ட முகட்டைக் கொண்ட தட்டு விரைய வேண்டும். அதிலும் தெளிவான தொடர்பில்லை. தட்டின் விளிம்பில் எத்தனை பங்கு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்பதோடு மட்டும் வேகம் ஒத்துப்போயிற்று. பசிபிக், நாஸ்கா, கோகோஸ் போல ஓரம் மூழ்கும் தட்டுகள் ஆண்டுக்கு 6 முதல் 9 செ.மீ. வரை ஓடுகின்றன. மூழ்கும் ஓரம் இல்லாத வட அமெரிக்கா, ஆப்பிரிக்கா, யூரேசியா ஆகியவை 2 செ.மீ. அளவில் ஊர்கின்றன. என் பார்வையில் இந்தத் துறையின் மிக நேர்த்தியான ஒப்பீடு இதுதான். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எல்லோர் கையிலும் இருந்த எண்களை யாரும் கேட்காத விதத்தில் கேட்டார்கள்.

முகடுகள் ஆழத்திலிருந்து பொங்கும் ஊற்றுகள் அல்ல என்பதற்கு வரைபடமே சாட்சி. ஆப்பிரிக்காவின் மேற்கே அட்லாண்டிக் நடுமுகடு, தெற்கே தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முகடு, வடகிழக்கே கார்ல்ஸ்பர்க் முகடு. மூன்று பக்கமும் புதிய தளம் பிறந்து ஆப்பிரிக்கத் தட்டோடு சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் அட்லாண்டிக் முகட்டுக்கும் இந்தியப் பெருங்கடல் முகட்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடிக்கொண்டே போக வேண்டும், போகிறது. அதாவது முகடுகளே இடம்பெயர்கின்றன. அண்டார்க்டிகாவோ ஏறத்தாழச் சுற்றிலும் முகடுகளால் சூழப்பட்டது. அவை எல்லாம் அதைவிட்டு வெளியே விலகிப்போகின்றன. ஆழத்தில் வேரூன்றிய ஊற்று இப்படி ஆயிரக்கணக்கான கி.மீ. நகர்ந்து திரியாது. தட்டுகள் இருபக்கமும் இழுக்கப்படும்போது நடுவே விழும் விரிசலை நிரப்ப, கீழிருந்து பாறை மேலேறி வருகிறது. மேலேறும்போது அழுத்தம் குறைவதால் அது உருகுகிறது. முகடு என்பது விளைவு.

அகழியின் பக்கம் போனால் இழுவிசையின் தடயம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1933 மார்ச் 3 அதிகாலை ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரை குலுங்கியது. கரையில் அதிர்வால் நேர்ந்த சேதம் குறைவு. அரைமணி நேரத்துக்குப் பிறகு வந்த சுனாமி, சில இடங்களில் 28 மீட்டர் உயரம்வரை ஏறி, ஏறத்தாழ 3,000 பேரைக் கொண்டுபோயிற்று. வழக்கமான பெரும் நிலநடுக்கங்கள் இரண்டு தட்டுகள் உரசும் இடத்தில் நேர்பவை. இதுவோ அகழிக்கு வெளியே, இன்னும் மூழ்கத் தொடங்காத பசிபிக் தட்டுக்குள்ளேயே நேர்ந்தது. ஹிரோ கனமோரி 1971இல் பழைய அலைப்பதிவுகளை ஆராய்ந்து, பாறை நெருக்கப்பட்டதால் உடையவில்லை, இழுபட்டு விரிந்து உடைந்திருக்கிறது என்று காட்டினார். அகழியில் தட்டு வளைவதாலும் மேல்பகுதி விரியும் என்று சிலர் வாதிட்டார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த உடைவு தட்டின் தடிமன் முழுவதையும் ஊடுருவியிருக்க வேண்டும் என்ற அளவுக்குப் பெரிது என்பது கனமோரியின் வாதம். முன்னால் தொங்கும் பாரம் பின்னால் உள்ளதைப் பிய்த்ததற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இந்தியாவின் பயணத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிடமிருந்து பிரிந்த இந்தியா, 6.7 கோடி முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.யையும் தாண்டி வடக்கே பாய்ந்தது. இன்று உலகில் எந்தப் பெரிய தட்டும் அந்த வேகத்தில் ஓடவில்லை. அப்போது இந்தியாவின் முன்னால் தெத்திஸ் என்ற முதிர்ந்த கடலடி இருந்தது. அது ஆசியாவுக்கு அடியில் மூழ்கிக்கொண்டிருந்தது. 2015இல் ஒலிவர் ஜாகோட்ஸும் லீ ராய்டனும் அவர்களுடைய குழுவினரும், இமயத்தில் இன்று கோஹிஸ்தான், லடாக் பகுதிகளாக நிற்கும் பழைய எரிமலைத் தீவுவரிசையைச் சான்றாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அகழிகள் அந்தக் கடலை விழுங்கின, இரட்டை இழுப்பில்தான் அந்த அசாதாரண வேகம் வந்தது என்று வாதிட்டார்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி தீர்ந்து, இலேசான கண்டப் பாறை அகழியின் வாய்க்கு வந்தது. வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. மூழ்கிய தெத்திஸ் எங்கே? நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியின் உட்புறத்தைப் படமெடுத்த ராப் வான் டெர் வூ, விம் ஸ்பாக்மான், ஹார்மன் பைவார்ட் ஆகியோர் 1999இல் அதைக் கண்டார்கள். இன்றைய இந்தியாவுக்கு நேர் அடியில், 1,000 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தில், குளிர்ந்த பாறைத் திணிவுகளாக அது இருக்கிறது. வடக்கே இருந்த அகழியில் இறங்கியது தெற்கே இந்தியாவுக்கு அடியில் இருப்பானேன்? அது இறங்கிய இடத்திலேயே ஏறத்தாழ நேர்கீழாகப் போய்விட்டது; இந்தியாதான் பின்னால் வந்து அதன் தலைக்குமேல் கடந்து சென்றிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுமந்து செல்லும் ஓட்டம் கீழே இருந்திருந்தால் இந்த அமைப்பு கிடைத்திருக்காது.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. மூழ்கும் ஓரமே இல்லாத தட்டுகளும் நகர்கின்றனவே என்பது முதலாவது. நகர்கின்றன, மெதுவாக. முகடு உயரத்திலும் பழைய தளம் தாழ்விலும் இருப்பதால் தட்டு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கிறது. முகட்டுத் தள்ளல் என்று சொல்லப்படும் இந்த விசை, மூழ்கும் பலகையின் இழுப்பைவிடப் பல மடங்கு சிறியது. கூடவே, மூழ்கும் பலகைகள் சுற்றியிருக்கும் கவசத்தையும் கலக்கி இழுக்கின்றன. அந்த உறிஞ்சலில் அக்கம்பக்கத்துத் தட்டுகளும் நகர்கின்றன. கிளிண்டன் கான்ராடும் கரோலினா லித்கோ-பெர்டெல்லோனியும் 2002இல் செய்த கணக்கில், நேரடி இழுப்பு ஏறத்தாழப் பாதி, ஆழ்கவசத்தில் இறங்கும் பலகைகளின் உறிஞ்சல் மீதி என்று வந்தது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: மூழ்கும் குளிர்ந்த பாறை. ஆழத்திலிருந்து எழும் சூடான கவசத்தூண்கள் தள்ளுவதில்லையா என்பது இரண்டாவது. தள்ளியிருக்கலாம். தக்காணத்தின் எரிமலைப் பாறைகளைக் கொட்டிய ரீயூனியன் கவசத்தூண் எழுந்த அதே காலத்தில் இந்தியா வேகமெடுத்தது, ஆப்பிரிக்கா வேகம் குறைந்தது என்பதை ஸ்டீவன் கேண்டியும் டேவ் ஸ்டெக்மனும் 2011இல் காட்டினார்கள். இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் கவசத்தூண் தரும் உந்தல் சில கோடி ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடும். உலகம் முழுக்க இன்றும் ஓடும் தட்டுகளின் வேகவரிசையை அதனால் விளக்க முடியாது.

மூன்றாவது மறுப்புதான் உண்மையிலேயே கடினமானது. மோதி 5 கோடி ஆண்டுகள் ஆகியும், 5 கி.மீ. உயர திபெத்தை எதிரே தூக்கி நிறுத்திய பிறகும், இந்தியா ஏன் நிற்கவில்லை? முன்னால் இழுத்த தெத்திஸ் பலகை அறுந்து கீழே போய்விட்டது. இங்கே முகட்டுத் தள்ளலுக்கும், ஆழத்தில் இன்னும் இறங்கும் பலகைகள் கிளப்பிவிடும் கவச ஓட்டத்துக்கும் மற்ற இடங்களைவிடப் பெரிய பங்கு கொடுத்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: இந்தியத் துணைக்கண்டம் தனியாக நகரவில்லை. அதைச் சுமக்கும் தட்டின் கிழக்கு ஓரம் அந்தமானிலும் சுமத்ராவிலும் மூழ்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஓரம் 1,300 கி.மீ. நீளத்துக்கு ஒரே மூச்சில் நழுவியபோது எழுந்த சுனாமிதான் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அழித்தது. இன்னும் கிழக்கே ஜாவாவுக்கு அடியில், 13 கோடி ஆண்டு முதிர்ந்த கனத்த தளம் 600 கி.மீ. ஆழத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த ஜாவா இழுப்பும் இமயத்தின் தடுப்பும் ஒரே பலகையின் இரு பக்கங்களில் செயல்பட்டால் என்ன ஆகும்? மேற்குப் பாதி முட்டிக்கொண்டு நிற்கப் பார்க்கிறது, கிழக்குப் பாதி ஆஸ்திரேலியாவோடு ஆண்டுக்கு 7 செ.மீ. வேகத்தில் வடக்கே இழுபடுகிறது. பலகை நடுவில் முறுகத்தான் வேண்டும், முறுகுகிறது. இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 800 கி.மீ. தூரத்தில், தட்டின் விளிம்புகள் எதுவும் அருகில் இல்லாத நடுக்கடலில், மேலோடு 100 முதல் 300 கி.மீ. அகல மடிப்புகளாகப் புடைத்திருக்கிறது. 1987இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் துளைக்கப்பல் அங்கே தளத்தைத் துளைத்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டலை மேலே எடுத்தது. மடிவதற்கு முன் படிந்த அடுக்குகளையும், மடியும்போதே படிந்த அடுக்குகளையும் பிரித்துப் பார்த்ததில், மடிப்பு தொடங்கி 70, 80 லட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சென்னை அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவரக் காரணமான 8.6, 8.2 அளவு நிலநடுக்கங்களும் இதே முறுகலின் விளைவு. அவை சுமத்ரா அகழிக்கு மேற்கே, தட்டின் உட்பகுதியில், குறைந்தது நான்கு பிளவுகளில் பாறை பக்கவாட்டாக நழுவியதால் நேர்ந்தவை. பக்கவாட்டு நழுவல் என்பதால்தான் கடல்நீர் மேலே தூக்கப்படவில்லை, 2004போல் அலை எழவில்லை. பாடநூல்களில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு என்று ஒன்றாகக் காட்டப்பட்டதை, தட்டு நகர்வை அளப்பவர்கள் இன்று இந்தியத் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டு, இடையில் காப்ரிகார்ன் தட்டு என்று மூன்றாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றுக்கிடையே முகடும் இல்லை, அகழியும் இல்லை, ஆயிரம் கி.மீ.க்கும் அகலமான பரப்பில் பாறை நசுங்கியும் நழுவியும் தனக்கான எல்லையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.